ஆசிரியருக்கு நேரும் பாலியல் தொல்லையும் பல்கலைக்கழகங்களின் பொறுப்பும்

முன்னுரை

பல்கலைக்கழகத்தில் பாலியல் தொல்லை என்றதும் நம் மனத்தில் எழும் காட்சி பெரும்பாலும் ஒன்றுதான். வயதில் மூத்த பேராசிரியர் ஒருவர். அவர் போடும் மதிப்பெண்ணை நம்பி நிற்கும் மாணவி ஒருத்தி. இத்தகைய கொடுமைகள் நடக்கின்றன என்பதில் ஐயமில்லை. அவற்றைப் பற்றிப் பேசுவதும் எழுதுவதும் அவசியமே. ஆனால், அதே வளாகத்தில் பாடம் நடத்துபவரே பாதிக்கப்படுவதும் உண்டு. துறையில் மூத்தவரின் தொல்லைக்கு ஆளாகும் இளம் விரிவுரையாளர், சக ஊழியரின் ஆபாசப் பேச்சைச் சகித்துக்கொண்டு கூட்டத்தில் அமர்ந்திருப்பவர், தம்மிடம் படிக்கும் மாணவனாலேயே தொல்லைக்குள்ளாகும் பயிற்றுநர் என இதற்குப் பல முகங்கள் உள்ளன. கடைசியாகச் சொன்னதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

தமிழ்ப்பள்ளியில் பயின்ற நமக்கெல்லாம் ஆசிரியர் வகுப்பில் நுழைந்ததும் எழுந்து நின்று ஒரே குரலில் வணக்கம் சொன்ன பழக்கம் உண்டு. மாதா, பிதா, குரு, தெய்வம் என்று வரிசைப்படுத்திச் சொல்லிக் கொடுத்தார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால், அந்த மரியாதைக்கு ஒரு மறுபக்கம் இருக்கிறது. ‘குருவுக்கே யார் தொல்லை கொடுக்க முடியும்?’ என்ற எண்ணம்தான் அது. அந்த எண்ணமே பல வேளைகளில் பாதிக்கப்பட்ட ஆசிரியரின் வாயை அடைத்துவிடுகிறது. நாற்காலிக்கு நாம் தரும் மரியாதை, அதில் அமர்ந்திருக்கும் மனிதரைக் காப்பாற்றுகிறதா? இக்கட்டுரை அக்கேள்வியை ஆராய முற்படுகிறது.

பாலியல் தொல்லை என்பது எது?

உடலைத் தொட்டால்தான் பாலியல் தொல்லை என்று நம்மில் சிலர் இன்னமும் நினைக்கிறோம். அது தவறு. மலேசியாவின் 2022ஆம் ஆண்டு பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் (சட்டம் 840) இதற்குத் தெளிவான வரையறை தருகிறது. பாலியல் தன்மையுடைய, விரும்பத்தகாத எந்த நடத்தையும் இதில் அடங்கும். அது சொல்லாகவோ, சைகையாகவோ, படமாகவோ, உடல் தீண்டலாகவோ இருக்கலாம். ஒருவரைப் புண்படுத்துவதாகவோ, அவமானப்படுத்துவதாகவோ, அவருடைய நலனுக்கு மிரட்டலாகவோ அது அமைந்தால் போதும். பாதிக்கப்படுபவர் ஆணாகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம்.

அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகங்கள் 2018இல் உயர்கல்வி நிலையங்களைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டன. அதில் பாலியல் தொல்லை மூன்று வகையாகப் பிரிக்கப்பட்டது. முதலாவது, ‘பெண்ணுக்கு இந்தத் துறை எதற்கு?’ என்பது போன்ற இழிவுப் பேச்சு. இரண்டாவது, விரும்பாதவரைத் தொடர்ந்து நெருங்குவது. மூன்றாவது, பதவியையோ மதிப்பெண்ணையோ காட்டி இணங்க வற்புறுத்துவது. இவற்றுள் அதிகம் நடப்பது முதல் வகையே. மேலும், ஒரு நிறுவனம் இத்தகைய நடத்தையைப் பொறுத்துக்கொள்கிறது என்ற உணர்வு ஊழியர்களிடையே நிலவுமானால், அங்கே தொல்லை நடப்பதற்கான வாய்ப்பும் கூடுகிறது என்பது அவ்வறிக்கையின் முக்கியமான முடிவு. ஆக, கெட்ட மனிதர் ஒருவரை மட்டும் குறைகூறி முடித்துவிடக்கூடிய சிக்கல் அன்று இது.

அதிகாரம் தலைகீழாகும்போது

‘பாலியல் தொல்லை’ என்பதற்கான ஆங்கிலச் சொல் மக்களிடையே பரவியதே ஒரு பல்கலைக்கழகத்தை ஒட்டித்தான். 1970களில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்த கார்மிட்டா வுட் என்ற பெண், பேராசிரியர் ஒருவரின் தொல்லையைத் தாங்க முடியாமல் வேலையை விட்டார். அவர் கேட்ட இடமாற்றம் கிடைக்கவில்லை. வேலையில்லாதோருக்கான உதவித்தொகையும் மறுக்கப்பட்டது. அவருக்குத் துணைநின்ற பெண்கள் கூடிப் பேசியபோது, தங்களுக்கு நேர்ந்ததைச் சுட்ட ஒரு பெயர்கூட இல்லை என்பதை உணர்ந்தார்கள். பெயர் பிறந்த பிறகுதான் சட்டம் பிறந்தது.

ஆனால், அந்தப் பெயருக்குள் அடங்கிய படம் மேலிருந்து கீழ்நோக்கியே இருந்தது. அதிகாரம் உள்ளவர் தொல்லை தருவார். அதிகாரம் இல்லாதவர் பாதிக்கப்படுவார். 1984இல் கேத்தரின் பென்சன் என்ற ஆய்வாளர் இதன் மறுபுறத்தைச் சுட்டிக்காட்டினார். பதவியில் கீழே உள்ளவர் மேலே உள்ளவருக்குத் தரும் தொல்லையை அவர் தனியாகப் பெயரிட்டு அழைத்தார். தமிழில் அதை ‘எதிர் அதிகாரத் தொல்லை’ எனலாம். 1989இல் எலிசபெத் கிராவர்ஹோல்ஸ் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் 208 பெண் பேராசிரியர்களிடம் ஆய்வு நடத்தினார். ஏறத்தாழப் பாதிப்பேர், மாணவர்களிடமிருந்து ஏதேனும் ஒரு வகையான பாலியல் தொல்லையைச் சந்தித்திருந்தனர்.

இது எப்படிச் சாத்தியமாகிறது? விரிவுரையாளரிடம் மதிப்பெண் போடும் அதிகாரம் இருக்கிறது, உண்மைதான். ஆனால், அந்த அதிகாரம் வகுப்பறைக்குரியது. வகுப்புக்கு வெளியே வயது, உடல்பலம், கூட்டம், பெயர் தெரியாமல் ஒளிந்துகொள்ளும் வசதி ஆகியவையும் அதிகாரங்களே. நள்ளிரவில் வரும் வாட்ஸ்அப் செய்தி, விரிவுரையாளரின் படத்தை வெட்டி ஒட்டி டெலிகிராம் குழுவில் சுற்றவிடுவது, கார் நிறுத்துமிடத்தில் நாள்தோறும் காத்து நிற்பது, தவணை இறுதியில் நிரப்பும் மதிப்பீட்டுப் படிவத்தில் பாடத்தை விட்டுவிட்டு உடலைப் பற்றி எழுதுவது எனப் பல வழிகள் உள்ளன. அந்தப் படிவத்தில் எழுதியவரின் பெயர் இருக்காது. ஆனால், படிக்கும் விரிவுரையாளருக்கு அது தம் வகுப்பில் இருக்கும் யாரோ ஒருவர் என்று தெரியும். மறுவாரம் அதே வகுப்பின் முன் நின்று அவர் பாடம் நடத்த வேண்டும்.

ஒப்பந்த அடிப்படையில் பணிபுரியும் விரிவுரையாளர்களின் நிலை இன்னும் கடினம். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும்போது மாணவர் மதிப்பீடும் பார்க்கப்படலாம். பகுதிநேரப் பயிற்றுநர்களாக வரும் முதுகலை மாணவர்களோ நம்மைவிட இரண்டு மூன்று வயதே மூத்தவர்கள். அவர்கள் ஒரு நாளில் பாதி நேரம் ஆசிரியர். மீதி நேரம் மாணவர்.

சட்டம் சொல்வது என்ன?

நம் நாட்டில் மனிதவள அமைச்சு 1999இல் வேலையிடப் பாலியல் தொல்லையைத் தடுப்பதற்கான நடைமுறைக் கோவையை வெளியிட்டது. அது முதலாளிகள் விரும்பினால் பின்பற்றலாம் என்ற அளவிலேயே இருந்தது. 2012இல் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் திருத்தப்பட்டு, புகாரை விசாரிப்பது முதலாளியின் கடமையாக்கப்பட்டது. விசாரிக்க மறுத்தால், 30 நாள்களுக்குள் காரணத்தை எழுத்து வடிவில் தெரிவிக்க வேண்டும். கடமை தவறும் முதலாளிக்கு விதிக்கக்கூடிய அபராதத்தின் உச்சவரம்பு 10,000 ரிங்கிட்டாக இருந்து, 2023 ஜனவரி முதல் 50,000 ரிங்கிட்டாக உயர்ந்தது.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய இடைவெளி இருக்கிறது. அச்சட்டம் கூறும் புகார், ஊழியருக்கும் ஊழியருக்கும் அல்லது ஊழியருக்கும் முதலாளிக்கும் இடையிலானது. மாணவர் ஊழியரும் அல்லர்; முதலாளியும் அல்லர். ஆகவே, மாணவர்மீது விரிவுரையாளர் தரும் புகார் அந்தப் பகுதிக்குள் அடங்குவதில்லை. பொதுப் பல்கலைக்கழக ஊழியர்களின் ஒழுங்கு நடவடிக்கைக்கு 2000ஆம் ஆண்டின் சட்டம் 605 உண்டு. பொதுப் பல்கலைக்கழக மாணவர்களின் ஒழுங்குக்கு 1971ஆம் ஆண்டின் பல்கலைக்கழகச் சட்டத்தின் கீழ் அமைந்த விதிகள் உண்டு. ஒன்று ஊழியரைப் பார்க்கிறது. மற்றொன்று மாணவரைப் பார்க்கிறது. மாணவரால் பாதிக்கப்பட்ட ஆசிரியர் இரண்டுக்கும் நடுவே நிற்கிறார்.

2022ஆம் ஆண்டுச் சட்டம் இந்த இடைவெளியை ஓரளவு நிரப்பியது. புகார் செய்பவருக்கும் புகாருக்கு உள்ளானவருக்கும் இடையே வேலை உறவு இருக்க வேண்டும் என்று அது கேட்பதில்லை. அதன் கீழ் அமைந்த தீர்ப்பாயம் 2024 மார்ச்சில் செயல்படத் தொடங்கியது. அது மன்னிப்புக் கேட்கச் சொல்லலாம். 250,000 ரிங்கிட் வரை இழப்பீடு வழங்கச் சொல்லலாம். முதல் விசாரணை நாளிலிருந்து 60 நாள்களுக்குள் முடிவு சொல்ல முயல வேண்டும் என்பதும் விதி. ஒருவரைத் தொடர்ந்து பின்தொடர்ந்து அச்சுறுத்துவதும் 2023 முதல் தண்டனைச் சட்டத்தின் 507ஏ பிரிவின் கீழ்க் குற்றமாகும். ஆயினும், சட்டம் 840 தனிமனிதரைத்தான் தீர்ப்பாயத்தின்முன் நிறுத்துகிறது. புகார் செய்தவர் பழிவாங்கப்படாமல் இருப்பதற்கான பாதுகாப்பு அதில் போதவில்லை என்று மகளிர் அமைப்புகள் அப்போதே குறை கூறின. அந்தப் பொறுப்பு மீண்டும் பல்கலைக்கழகத்தின் தோளுக்கே வந்து சேர்கிறது.

புகாருக்குப் பின்

புகார் செய்தவரே குற்றவாளிக் கூண்டில் நிற்க நேரிடும் என்பதற்கு 2016இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கே சான்று. அது பல்கலைக்கழக வழக்கு அன்று. ஆனால், எல்லா நிறுவனங்களுக்கும் பாடமானது. ஓர் அலுவலகத்தில் மேலதிகாரியின் ஆபாசப் பேச்சைப் பற்றிப் பெண் ஊழியர் புகார் செய்தார். ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப் போதிய சான்று இல்லை என்று உள்விசாரணை முடிந்தது. அதன்பின் அந்த அதிகாரியே அவர்மீது வழக்குத் தொடுத்தார். அப்பெண் எதிர்வழக்குப் போட்டார். அவருக்கு 120,000 ரிங்கிட் இழப்பீடு கிடைத்தது. பாலியல் தொல்லைக்காக உரிமையியல் வழக்குத் தொடுக்கலாம் என்பது அவ்வழக்கினால்தான் நம் நாட்டில் நிலைநாட்டப்பட்டது. நிறுவனத்திற்குள் கிடைக்காத நீதியைத் தேடி அவர் நாட்டின் உச்ச நீதிமன்றம்வரை செல்ல வேண்டியிருந்தது.

பல்கலைக்கழகத்தில் புகார் எழும்போது கேட்கக்கூடிய சொற்களை நாம் அறிவோம். ‘பையனுடைய எதிர்காலம் கெட்டுவிடும்’, ‘பல்கலைக்கழகத்தின் பெயர் என்னாவது’, ‘நீங்கள்தானே பெரியவர், விட்டுக்கொடுங்கள்’. பிறகு அவருடைய வகுப்பு வேறொருவருக்கு மாற்றப்படும். அவரைக் காப்பதற்காகவே இம்மாற்றம் என்று சொல்லப்படும். ஆனால், நேர அட்டவணையில் இடம் மாறியது யார்? தொல்லை தந்தவர் அல்லர். மற்றொன்று, காலத்தைக் கடத்துவது. மாணவர் மூன்று நான்கு ஆண்டுகளில் பட்டம் பெற்றுச் சென்றுவிடுவார். அத்தோடு ஒழுங்கு விதிகளின் பிடியும் தளர்ந்துவிடும். விசாரணை முடியவில்லை, கோப்பு மட்டும் மூடப்படும்.

ஆகவே, ஒரு பல்கலைக்கழகத்தின் கொள்கை எவ்வளவு அழகாக அச்சிடப்பட்டிருக்கிறது என்பதை வைத்து அதை மதிப்பிடக் கூடாது. புகார் கொடுத்தவருக்கு மறுநாள் காலையில் என்ன நேர்கிறது என்பதே சரியான அளவுகோல்.

பல்கலைக்கழகங்கள் செய்யக்கூடியவை

முதலாவதாக, கொள்கையில் ‘மாணவரால் ஊழியருக்கு நேரும் தொல்லை’ என்பதைத் தனியே குறிப்பிட வேண்டும். பெயரில்லாத ஒன்றைப் பற்றி யாரும் புகார் கொடுக்க முன்வருவதில்லை.

இரண்டாவதாக, புகாரைப் பெறுபவர் புகார் செய்பவரின் துறைத் தலைவராக மட்டும் இருக்கக் கூடாது. துறைக்கு வெளியே ஒருவரிடம் செல்ல வழி வேண்டும். ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பவரிடமே முறையிடு என்பது நியாயமாகாது.

மூன்றாவதாக, இடைக்கால ஏற்பாட்டில் யார் இடம் மாறுவது என்பதைப் புகார் செய்தவரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும். மாணவரை வேறு பயிற்சி வகுப்புக்கு மாற்றலாம். அவருடைய தாளை வேறொருவர் திருத்தலாம். இதனால் மாணவரின் படிப்பும் கெடாது.

நான்காவதாக, பட்டமளிப்புக்கு முன் விசாரணை முடிவதற்குக் காலவரம்பு வேண்டும்.

ஐந்தாவதாக, மதிப்பீட்டுப் படிவங்களில் வரும் ஆபாசக் கருத்துகளை விரிவுரையாளரிடம் சேர்ப்பிக்கும் முன்னரே நீக்க வேண்டும். பணி மதிப்பீட்டில் அவற்றுக்கு இடமே கூடாது.

இவை அனைத்தும் குற்றம் சாட்டப்பட்டவரின் உரிமையைப் பறிப்பவை அல்ல. தம்மீதான குற்றச்சாட்டு என்ன என்பதை அறியவும் பதில் சொல்லவும் மாணவருக்கு முழு உரிமை உண்டு. நியாயமான விசாரணை இருவருக்குமே பாதுகாப்பு. விசாரணையே இல்லாமல் இழுத்தடிப்பதுதான் இருவருக்கும் கேடு. அங்கே வதந்தி மட்டுமே தீர்ப்பு எழுதும்.

முடிவுரை

இதில் மாணவர்களாகிய நம் பங்கு சிறியதன்று. விரிவுரையாளரைப் பற்றிய கேலிப்படம் குழுவில் வந்தவுடன் சிரிப்புக் குறி போடும் இருபது பேரில் நாமும் ஒருவரா? ‘இதை நீக்கிவிடு’ என்று சொல்லும் ஒருவரா? தொல்லை தருபவருக்குத் தைரியம் தருவது அந்தச் சிரிப்புதான். அவர் தம் நண்பர்கள் ரசிப்பார்கள் என்று நம்பியே அதைப் பதிவிடுகிறார்.

முன்னாள் மாணவர்களே, உங்களில் சிலர் இன்று விரிவுரையாளர்களாகவும் நிருவாகிகளாகவும் இருக்கிறீர்கள். உங்கள் துறையில் புதிதாகச் சேர்ந்த இளம் பயிற்றுநர் ஒருவர் தயங்கித் தயங்கி ஏதோ சொல்ல வந்தால், அவருக்கு நேரம் ஒதுக்குங்கள். முதல் கேள்வி ‘நீங்கள் என்ன செய்தீர்கள்?’ என்பதாக இருக்க வேண்டாம். ‘உங்களுக்கு இப்போது என்ன தேவை?’ என்பதாக இருக்கட்டும்.

இன்று இப்பேரவையில் இருக்கும் நம்மில் சிலரும் நாளை விரிவுரைக் கூடத்தின் முன்பக்கத்தில் நிற்கப் போகிறோம். அந்த இடத்திற்குரிய வணக்கத்தோடு, அங்கே நிற்பவருக்குரிய பாதுகாப்பையும் இப்போதே கேட்டுப் பெறுவோம்.