பெரணி என்று பெயர் வைத்தது யார்?

கேள்வி: நர்சரியில் ஃபாக்ஸ்டெயில் ஃபெர்ன் என்று ஒரு செடி வாங்கினேன். பெரணியாயிற்றே என்று கூடத்து மூலையில் நிழலாக வைத்து, தினமும் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றுகிறேன். மூன்று மாதத்தில் அடியிலிருந்து மஞ்சளாகிக்கொண்டு வருகிறது. இது எந்த ஊர்ச் செடி?
– வாசகி, தென்காசி

பதில்: அம்மா, முதலில் அந்தத் தண்ணீர்ச் சொம்பைக் கீழே வையுங்கள். ஊர்ப் பெயரைப் பிறகு சொல்கிறேன்.

நீங்கள் வாங்கியது பெரணியே அல்ல. பெரணி பூக்காது, காய்க்காது. இலையின் அடிப்பக்கம் பழுப்புப் பொட்டுகளாக ஒட்டியிருக்குமே, அந்தத் தூளால்தான் பரவும். உங்கள் ஃபாக்ஸ்டெயிலோ, அதாவது நரிவாலோ, மூக்குத்தி அளவில் வெள்ளைப் பூ பூக்கும். பச்சையாய்க் காய்த்து, குன்றிமணிபோலச் சிவக்கும். உள்ளே கறுப்பு விதை இருக்கும். தாவர நூல்களில் இதற்கு அஸ்பாரகஸ் டென்சிஃப்ளோரஸ் என்று பெயர், அதில் மையர்ஸி என்னும் ரகம். பிறந்த இடம் ஆப்பிரிக்காவின் தென்கோடி.

இதற்கு நம் ஊரிலேயே ஒரு பங்காளி உண்டு. நாட்டு மருந்துக் கடையில் சதாவரி என்று பொட்டலம் கட்டிக் கொடுக்கிறார்களே, அந்தத் தண்ணீர்விட்டான் கிழங்கு. இரண்டும் ஒரே பேரினம். உங்கள் செடியைத் தொட்டியிலிருந்து ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள். வேர் நெடுகக் குட்டிக் குட்டிக் கிழங்குகள் தெரியும். அத்தனையும் தண்ணீர்ச் சேமிப்பு. மழை தவறிய நாட்களைக் கடத்தச் செடியே கட்டி வைத்துக்கொண்ட குளங்கள். அப்படிப்பட்ட செடிக்குத் தினமும் இரு வேளை ஊற்றுவது, போதும் போதும் என்று கையை வைத்து இலையை மறைக்கும் விருந்தாளிக்கு மேலும் மேலும் சோறு போடுவதுபோல. கிழங்கு அழுகும், தண்டு மஞ்சளாகும்.

இதைவிட எனக்குப் பிடித்த சங்கதி ஒன்று உண்டு. நீங்கள் ஆசையாகத் தடவிப் பார்க்கும் அந்த மெத்தென்ற பச்சை ஊசிகள் இலைகள் அல்ல, அத்தனையும் தண்டு! உண்மையான இலை உற்றுப் பார்த்தாலொழியத் தெரியாத செதிலாகச் சுருங்கிவிட்டது, சில இடங்களில் முள்ளாகவே ஆகிவிட்டது. இலையின் வேலையான சமையலைத் தண்டு ஏற்றுக்கொண்டிருக்கிறது. இலையில்லாத செடியைப் பார்த்து ‘என்ன அழகான இலை’ என்று உலகமே வியக்கிறது.

இந்தப் பகுதியை விடாமல் படிப்பவர்களுக்கு என் பழைய வழக்கு தெரியும். நெட்டிலிங்க மரத்தை வரிசையாக நட்டுவிட்டு ‘அசோகா’ என்று பலகை மாட்டாதீர்கள். அசோகம் வேறு மரம், கொத்துக் கொத்தாகச் செம்மஞ்சளாய்ப் பூக்கும் என்று எத்தனை முறை எழுதியிருப்பேன்! ஆகாயத் தாமரை தாமரை அல்ல என்றும் எழுதினேன். பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்டவர்களுக்கு இப்போது தென்காசித் தொட்டியைச் சாட்சிக்கு அழைக்கிறேன். பெரணி என்ற ஒரு பொய்ப் பெயர்தான் இந்தச் செடியை இருட்டு மூலைக்கு அனுப்பி, தண்ணீரில் மூழ்கடித்தது.

இப்போது வைத்தியம். மஞ்சளான தண்டு திரும்பப் பச்சையாகாது, அடியோடு வெட்டிவிடுங்கள். செடியை வெளியே எடுத்து, கொழகொழத்த கிழங்குகளைக் களையுங்கள். செம்மண், ஆற்று மணல், மட்கிய எரு மூன்றையும் கலந்து, அடியில் துளையுள்ள தொட்டியில் வையுங்கள். கிழக்குப் பார்த்த ஜன்னலோரம் நல்ல இடம். காலை வெயில் பட்டால் செழிக்கும், சித்திரை மாத உச்சி வெயில் பட்டால் வெளுக்கும். விரலை மண்ணில் ஒரு கணு விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் மட்டும், அடித்துளை வழியாக வழியும்வரை ஊற்றுங்கள். கிழங்குகள் நல்லபடியாக இருந்தால் புதுத் தண்டுகள் தரையிலிருந்து நேராகக் கிளம்பும்.

கேள்வி: பெரணியாக இல்லாத ஒன்றுக்குப் பெரணி என்று பெயர் வந்தது எப்படி?
– வாசகர், கும்பகோணம்

பதில்: என் தீர்ப்பு இதுதான்: குற்றவாளி இங்கிலாந்தின் பெரணிப் பித்து. பித்து என்பது என் சொல் அல்ல. எழுத்தாளர் சார்லஸ் கிங்ஸ்லி 1855-ல் அதற்கு ‘டெரிடோமேனியா’ என்று பெயரே சூட்டினார். பெரணி வெறி என்று பொருள். பெரணி பறிக்கக் காடு மேடெல்லாம் அலைந்தார்கள். தட்டில், திரைச்சீலையில், இரும்பு பெஞ்சில்கூடப் பெரணி வடிவம். அப்படிப்பட்ட கண்ணுக்கு இறகுபோல மென்மையாகத் தெரிந்த பச்சையெல்லாம் ‘ஃபெர்ன்’ ஆகிப்போனது. பூச்செண்டில் ரோஜாவுக்குப் பின்னால் பனிப்புகைபோல ஒன்று வைக்கிறார்களே, அதுவும் அஸ்பாரகஸ்தான். அதையும் ஃபெர்ன் என்றே விற்கிறார்கள்.

பெரணிப் பித்துக்குத் தூபம் போட்டது ஒரு கண்ணாடி பாட்டில். நதானியேல் வார்டு, லண்டனின் கிழக்குப் பகுதியில் மருத்துவர். கரிப்புகையில் அவர் தோட்டத்துப் பெரணிகள் செத்துக்கொண்டே இருந்தன. 1829-ல் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு ஒன்றை ஈர மண்ணோடு மூடிய பாட்டிலில் வைத்தார், அது எப்படி வெளிவருகிறது என்று பார்க்க. பூச்சியைப் பார்க்க உட்கார்ந்தவர் முன்னால், அந்த மண்ணில் ஒரு குட்டிப் பெரணி தலைதூக்கியது! பகலில் எழும் ஆவி கண்ணாடியில் துளிர்த்து மீண்டும் மண்ணுக்கே இறங்கியது. ஏறக்குறைய நான்கு ஆண்டுகள், சொட்டுத் தண்ணீர் ஊற்றாமல் அந்தப் பெரணி வாழ்ந்தது.

அந்தப் பாட்டிலே பெட்டியாக வளர்ந்தது. 1833-ல் இரண்டு பெட்டிகள் கப்பலேறி சிட்னிவரை போயின. உள்ளிருந்த செடிகள் உயிரோடு போய்ச் சேர்ந்தன. பிறகு நடந்தது நம் பக்கத்துச் சரித்திரம். 1876-ல் பிரேசில் விதையிலிருந்து லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்த ரப்பர் கன்றுகள் இலங்கைக்கு வந்து சேர்ந்தது வார்டின் பெட்டிகளில்தான்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. பெரணிக்கு விதை கிடையாது என்று தெரியாத நாட்களில் ஐரோப்பியர்கள் தேடித் தேடிக் களைத்து, விதை கண்ணுக்குத் தெரியாதது, அதை வைத்திருப்பவனும் யார் கண்ணுக்கும் தெரியமாட்டான் என்று முடிவு கட்டினார்கள். ஷேக்ஸ்பியரின் ‘நான்காம் ஹென்றி’ முதல் பாகத்தில் ஒரு திருடன் இந்த விதையைச் சொல்லிப் பெருமையடிக்கிறான். நாம் மட்டும் என்ன! அத்தி பூப்பதே இல்லை என்று நினைத்துப் பழமொழியே செய்துவிட்டோம். அத்தியின் பூக்கள் காய்க்குள்ளேயே நூற்றுக்கணக்கில் இருக்கின்றன.

கேள்வி: தினையையும் ஆங்கிலத்தில் நரிவால் என்கிறார்களே, உறவா?
– வாசகர், தருமபுரி

பதில்: வால்தான் உறவு. தினை புல் இனம், கதிரில் மயிர் அடர்ந்து வளைந்து நிற்பதால் அந்தப் பெயர். வட சீனாவில் சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன்பே பயிரானது. நம் குறிஞ்சிப் பாடல்களில் தலைவி கிளி ஓட்டிக் காத்து நின்றது இந்தப் பயிருக்குத்தான். நரிவால் செடியின் உண்மையான உறவுகளைக் கேட்டால் மயங்கிவிடுவீர்கள்: வேலியோரத்து ரயில் கற்றாழை, வரிவரியாக நிற்கும் மருள், சத்தியமங்கலத்திலிருந்து மூட்டை மூட்டையாக வந்து மாலையாகும் சம்பங்கி. எல்லாம் ஒரே குடும்பம். முன்பு இவற்றில் பலவற்றை லில்லிக் குடும்பத்தில் எழுதி வைத்திருந்தார்கள். மரபணு பார்த்த பிறகு வீடு மாற்றிவிட்டார்கள்.

கேள்வி: ஹோட்டலில் அஸ்பாரகஸ் சூப் குடித்தேன். வீட்டுச் செடியின் தளிரை ஒடித்துச் சமைக்கலாமா?
– வாசகி, கோவை

பதில்: வேண்டாம். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் சமையலுக்குரியது அஸ்பாரகஸ் அஃபிசினாலிஸ் என்னும் வேறு இனம். அதன் சாற்றிலிருந்துதான் 1806-ல் பிரான்சில் வோக்லான், ரோபிக்கே என்ற இருவர் ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். செடியின் பெயரையே ஒட்டி அஸ்பராஜின் என்றார்கள். மனிதன் முதன்முதலில் பிரித்தெடுத்த அமினோ அமிலம் அது. அமினோ அமிலங்களால் ஆன நம் உடம்பின் ஒவ்வொரு புரதத்தையும் பற்றிய பாடம் ஒரு சூப்புக் காயிலிருந்து தொடங்கியிருக்கிறது.

கேள்வி: இந்தச் செடி வைத்தால் வீட்டுக் காற்று சுத்தமாகுமாமே? பூனை இருக்கிறது, பயமில்லையே?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: காற்றுக்கு ஜன்னலைத் திறங்கள். செடி காற்றைச் சுத்தமாக்கும் என்ற பேச்சுக்கு அடிப்படையான, 1989-ல் நாசா செய்த ஆய்வு மூடிய சிறு பெட்டிக்குள் நடந்தது. 2019-ல் டிரெக்சல் பல்கலைக்கழகத்தினர் பழைய ஆய்வுகளையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள்: சாதாரணக் காற்றோட்டத்துக்கு ஈடாகத் தரையில் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 10 முதல் 1,000 செடிகள் வேண்டும். அப்புறம் நாம் எங்கே உட்காருவது?

பூனை விஷயத்தில் கவனம் தேவை. பழத்தைத் தின்றால் பூனைக்கும் நாய்க்கும் வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். செடியில் அடிக்கடி உரசினால் தோல் அரிக்கும். தொட்டியை உயரத்தில் வையுங்கள், காய் சிவக்கும் முன்பே கிள்ளிவிடுங்கள். கிள்ளியதை வாய்க்கால் ஓரத்திலோ தோப்பிலோ வீசாதீர்கள். இதன் உடன்பிறப்பான ஸ்ப்ரெங்கரி ரகம் பறவைகள் வழியாகப் பரவி, ஆஸ்திரேலியாவிலும் ஃபுளோரிடாவிலும் ஒழிக்க முடியாத களையாக நிற்கிறது. காயைக் காகிதத்தில் மடித்துக் குப்பைக் கூடையில் போடுங்கள்.