வெறும் கட்டம் பூச்சியம் அல்ல

அன்புள்ள மருமகளுக்கு,

நீ அனுப்பிய வரைபடமும் அட்டவணையும் கிடைத்தன. ஜூன், ஜூலை வந்தால் பதுளை மாவட்டம் முழுக்கச் சிவப்பு, வருஷம் தவறாமல். மாதத்துக்கு நூறு மில்லிமீற்றருக்குக் குறைந்தால் வறட்சி என்று பன்னிரண்டு மாதத்துக்கும் ஒரே கோடு போட்டிருக்கிறாய். அந்தக் கோட்டோடு பசறைப் பக்கம் ஏதாவது ஒரு தேயிலை ஸ்டோருக்குள் போயிருந்தால் டீமேக்கர் சிரித்திருப்பார்.

அவர் காத்திருப்பதே அந்தக் காய்வுக்குத்தான். தென்மேற்குப் பருவக்காற்று மழையை ஹட்டன், நுவரெலியாப் பக்கமே கொட்டித் தீர்த்துவிட்டு, மலையைத் தாண்டி நம் பக்கம் வெறுங்காற்றாய் இறங்குகிறது. கச்சான் என்கிறோமே, அதுதான். ஜூலை முதல் செப்டெம்பர் வரை கொழுந்து மெதுவாக விளையும். நிறை குறையும், மணம் ஏறும். கொழும்பு ஏலத்தில் ஊவாத் தேயிலைக்குப் பேர் வாங்கிக் கொடுப்பது இந்த வாரங்கள்தான். அதே வாரங்களில் தொழிலாளர் லயத்துப் பீலியில் தண்ணீர் நூலாய் இறங்கும். மலையில் கொழுந்து எடுக்கிற பெண்ணுக்கு நிறை சேராமல் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி, விழும். ஆகவே வறட்சி என்று எழுதுமுன் யாருக்கு என்று எழுதிக்கொள்.

1993இல் கொலராடோவில் மக்கீயும் இரண்டு சகாக்களும் கொண்டுவந்த நியம மழைவீழ்ச்சிச் சுட்டெண் உனக்குத் தெரிந்ததுதான். 2009இல் லிங்கன் நகரில் கூடிய நிபுணர்கள் எல்லா நாட்டு வளிமண்டலவியல் திணைக்களங்களும் அதைப் பயன்படுத்தவேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். அதன் அழகு, ஜூனை ஜூனோடும் டிசம்பரை டிசம்பரோடும் மட்டும் ஒப்பிடுவது. முப்பது வருஷப் பதிவாவது வேண்டும். -1க்குக் கீழே போனால் காய்வு, -1.5க்குக் கீழே கடுமை, -2க்குக் கீழே மிகக் கடுமை. ஆனால் பதுளையில் ஜூன் மழையே கொஞ்சம். இரண்டு தூறல் கூடினாலும் குறைந்தாலும் எண் துள்ளும். அந்தத் துள்ளலை வைத்துத் தலைப்பு எழுதாதே. கன்றுத் தேயிலைக்கு ஒரு மாத, மூன்று மாத எண்ணைப் பார். பீலிக்கு ஆறு, பன்னிரண்டு மாத எண்ணைப் பார். ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை பெய்கிற மழைதான் ஊற்றை நிரப்புகிறது. அது பொய்த்தால் அடுத்த ஓகஸ்டில்தான் குடம் வரிசையில் நிற்கும்.

இனிப் புத்தகம். நான் உனக்கு எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான். தோட்டத்து ஆபிஸ்களில் மழைப் புத்தகம் என்று ஒன்று இருக்கும். காலையில் மழைமானியின் தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி, கண் மட்டத்துக்குப் பிடித்துப் பார்த்து, அங்குலத்தில் எழுதுவார்கள். சில கிளாக்கர்மார் புள்ளி போட மாட்டார்கள். 65 என்றால் அங்குலத்தின் நூறில் 65 பங்கு, அதாவது பதினாறரை மில்லிமீற்றர். அதை 65 மில்லிமீற்றராகப் பதிந்தால் தூறல் அடைமழையாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை ஆபிஸ் பூட்டு. திங்களன்று எழுதியிருப்பது இரண்டு நாள் மழை. மாதக் கூட்டலுக்கு இது பாதகமில்லை. ஆனால் 24 மணி நேரத்தில் 75, 100, 150 மில்லிமீற்றர் என்று மண்சரிவு எச்சரிக்கைக்குப் படிகள் வைத்திருக்கிற ஊரில், நாள் கணக்குத் தப்பினால் எல்லாம் தப்பு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை மறந்துவிட்டு இங்கே யாரும் மழைக்கணக்கு எழுதமுடியாது.

நான் ஒரு தடவை வசமாக மாட்டினேன். ஒரு தோட்டத்துப் புத்தகத்தில் தொடர்ந்து ஐந்து வாரக் கட்டங்கள் வெறுமையாக இருந்தன. பூச்சியம் என்று பதிந்து, பெரிய வறட்சி ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேன். கட்டுரை அச்சேறிய பிறகு அந்தத் தோட்டத்துப் பழைய கணக்கப்பிள்ளை சொன்னார்: "அந்த மாசம் கிளாக்கர் ஐயா ஆஸ்பத்திரியில கிடந்தாரு. மழ நல்லாத்தான் பேஞ்சிச்சு." அதற்குப் பிறகு எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் முதலில் கையெழுத்து மாறுகிற பக்கங்களைத் தேடுவேன். மானியை இடம் மாற்றினார்களா, பக்கத்து நிழல்மரம் வளர்ந்து மறைத்ததா என்பதைப் பக்கத்துத் தோட்டத்துக் கூட்டலோடு வருஷவாரியாக வைத்துப் பார்த்தால் பிடித்துவிடலாம். செய்மதி மழைத்தரவு 1981இலிருந்து கிடைக்கிறது, உதவும். ஆனால் மலைச்சரிவின் இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் அது ஒன்றாகக் குழைத்துவிடும்.

இன்னொன்று. பண்டாரவளைப் பக்கம் கிணறுகள் வற்றியதை உன் அட்டவணையில் வறட்சிக் கணக்கில் சேர்த்திருக்கிறாய். உமா ஓயாத் திட்டச் சுரங்கத்துக்குள் நிலத்தடி நீர் பாய்ந்து வற்றிய கிணறுகளும் அதற்குள் இருக்கும். மழையை மட்டும் அறிந்த சுட்டெண்ணிடம் அதற்குப் பதில் கேட்காதே. அவற்றைத் தனியே எடுத்து வை.

தைப்பொங்கல் கழிந்து வா. நமுனுகுலைப் பக்கம் ஓர் ஆபிஸில் மழைப் புத்தக அலுமாரித் திறப்பு தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கறையான் அரித்தது போக மிச்சம் எவ்வளவு இருக்கிறதென்று திறந்தால்தான் தெரியும். மூக்குக்குக் கட்ட ஒரு துணியும், பென்சிலும் கொண்டு வா. பேனா வேண்டாம், பழைய தாளில் மை ஊறும்.

அன்புடன்,
மாமா
பதுளை