எண்ணெய் வடிகட்டியை இடம் மாற்றினால் அழுத்தம் குறையுமா?

சங்கத்தின் உழவு யந்திரத்தில் எண்ணெய் வடிகட்டி கைக்கெட்டாத இடத்தில் அமைந்திருப்பின், இரு குழாய்களின் மூலம் அதனை வெளியே கொணர்ந்து பொருத்துவதுண்டு. இதனால் அழுத்தம் குறைந்து பேரிங்குகள் தேயுமோ என்று அங்கத்தினர்கள் ஐயுறுவது இயல்பே. யந்திரம் பொதுச் சொத்தாதலின், விஷயத்தை நன்கறிந்தே தீர்மானித்தல் வேண்டும்.

எண்ணெய்ப் பம்பு ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய ஒரே அளவு எண்ணெயைத் தள்ளுகிறது. அது பேரிங்குகளின் நுண்ணிய இடைவெளிகளில் புகும்போது ஏற்படும் தடையினாலேயே அழுத்தம் பிறக்கிறது. புதிய குழாய்களின் தடை கூடினால், பம்பின் வாயில் அழுத்தம் அவ்வளவு உயரும். பேரிங்குகளுக்குச் செல்லும் எண்ணெய் பெரும்பாலும் குறைவதில்லை. ஆனால், குறித்த அளவுக்கு மேல் அழுத்தம் ஏறினால் பம்பின் அருகேயுள்ள ரிலீப் வால்வு திறந்து, மிகுந்த எண்ணெயைத் திருப்பிவிடும். நஷ்டம் அங்கேதான் தொடங்குகிறது.

உதாரணமாக, அவ்வால்வு சதுர அங்குலத்திற்கு 60 ராத்தலில் திறப்பதாகக் கொள்க. சூடேறிய யந்திரத்தில் எண்ணெய் இளகியிருக்கும். குழாய்களில் 3 ராத்தல் செலவானால், பம்பில் 33 ராத்தலும் பேரிங்குகளில் 30 ராத்தலும் நிற்கும். குளிர்ந்த யந்திரத்தை விரைவாக ஓட்டினால், தடித்த எண்ணெய் குழாய்களிலேயே 10 ராத்தலை உண்டுவிடும். பம்பு 60-ஐத் தாண்டாதாதலின் பேரிங்குகளுக்கு 50-தான் எஞ்சும்.

குழாயின் நீளம் இரட்டித்தால் இச்செலவு 2 மடங்காகும். உள்விட்டம் பாதியானாலோ 16 மடங்காகும். ஆகவே விலை மலிவென்று ஒடுங்கிய குழாயை வாங்குதல் தகாது. குழாய்கள் அகன்றும், குட்டையாகவும், கூரிய வளைவின்றியும், சூடான எண்ணெயைத் தாங்குவனவாகவும் இருத்தல் அவசியம். ஒரு குழாய் வெடித்தால் எண்ணெய் முழுதும் சிறிது நேரத்தில் வெளியேறி, கிராங்க் ஷாப்டே பாழாகும்.

அழுத்தமானியை வடிகட்டிக்கு முன் பொருத்தினால் அது பம்பின் அழுத்தத்தையே காட்டும். பேரிங்குகளின் குறை தெரியாது. அதனை வடிகட்டிக்கு அப்பால் பொருத்துக.

உட்செல்லும் குழாயும் வெளிவரும் குழாயும் இடம் மாறினால், பல வடிகட்டிகளிலுள்ள தடுப்பு வால்வு எண்ணெயை மறித்துவிடும். வேலை முடிந்து யந்திரத்தை முதலில் ஓட்டும்போது அழுத்தமானியின் முள் சில விநாடிகளில் எழாவிடில், உடனே நிறுத்துக. முள் எழுந்தால் சிறிது நேரம் மெதுவாக ஓட்டி, நிறுத்தி, கசிவைப் பார்த்து, குழாய்கள் கொண்ட அளவு எண்ணெயை மேலும் ஊற்றுக.

வடிகட்டியை உரிய காலத்தில் மாற்றுதல் இப்போதே எளிதாயின், இச்செலவைச் செய்யாதிருத்தலே சங்கத்திற்கு லாபம்.