எதிரொலியால் திமிங்கிலத்தை அளத்தல்
(விஞ்ஞானமும் கணிதமும் சந்திக்கும் பாடம் - தரம் 10, 11)

மாணவர்களே, எதிரொலி பற்றிய வழக்கமான வினா உங்களுக்கு மனப்பாடம். மலையை நோக்கி ஒருவன் கைதட்டுகிறான். 2 செக்கனில் எதிரொலி கேட்கிறது. வளியில் ஒலியின் கதி செக்கனுக்கு 340 மீற்றர். மலைக்குள்ள தூரம் யாது? 340 ஐ 2 ஆல் பெருக்கி, மீண்டும் 2 ஆல் வகுத்து 340 மீற்றர் என்று எழுதிவிடுவீர்கள். ஏன் 2 ஆல் வகுத்தீர்கள் என்று கேட்டால்தான் வகுப்பு அமைதியாகிவிடும். ஒலி போய்த் திரும்பி வந்திருக்கிறது, நமக்கு வேண்டியதோ ஒருவழித் தூரம். இந்தச் சிறு கணக்கைக் கொண்டே நமது திருகோணமலைக் கடலில் உள்ள ஒரு பெரிய விலங்கின் உடல் நீளத்தைக் காணலாம். அதைத் தொடவும் வேண்டாம், பார்க்கவும் வேண்டாம்.

நமது துறைமுகம் இயற்கையாகவே ஆழமானது என்று படித்திருக்கிறீர்கள். கொட்டியாரக்குடாவிலிருந்து வெளிக்கடலை நோக்கி ஒரு கடலடிப் பள்ளத்தாக்கு ஓடுகிறது. அதனால் கரையிலிருந்து அதிகம் போகாமலே கடலின் ஆழம் ஆயிரம் மீற்றரைத் தாண்டிவிடும். ஆழத்தில் கணவாய் பிடித்துத் தின்னும் எண்ணெய்த் திமிங்கிலம் (ஸ்பேர்ம் திமிங்கிலம்) இப்பகுதிக்கு வருவதற்கு இது வசதியாகிறது. அது முக்கால் மணி நேரமளவு நீருக்குள் இருக்கும். பத்து நிமிடமளவே மேலே மூச்சு வாங்கும். அந்தப் பத்து நிமிடத்திலும் முதுகின் ஒரு பகுதிதான் தெரியும். இதன் நீளத்தை எப்படி அளப்பது?

முன்னர் ஒரே வழிதான் இருந்தது. கொன்று, கப்பல் தளத்தில் கிடத்தி, நாடாவால் அளந்தார்கள். திமிங்கில நீளம் பற்றிய பழைய தரவுகளில் பெரும்பாலானவை வேட்டைக் கப்பல்களில் பெறப்பட்டவையே. 1979 இல் சர்வதேச திமிங்கில ஆணைக்குழு இந்து சமுத்திரத்தைத் திமிங்கிலச் சரணாலயமாக அறிவித்தது. உயிரோடுள்ள விலங்கை ஆராயவென 1982 இல் 'டியூலிப்' என்ற சிறிய பாய்மரப் படகு இக்கடலுக்கு வந்தது. 1983, 1984 ஆம் ஆண்டுகளில் அது திருகோணமலைக்கு வெளியேயும் பணியாற்றியது. அதில் இருந்தவர்களுள் ஒருவர் ஜொனதன் கோர்டன் என்ற ஆய்வாளர்.

இனிப் பௌதிகத்துக்கு வருவோம். இத்திமிங்கிலம் இரை தேடும்போது 'டொக், டொக்' என்று ஒலி எழுப்பும். நீரடி ஒலிவாங்கியில் பதிந்து, மிக மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தால் ஒவ்வொரு 'டொக்'கும் தனி ஒலியல்ல. சில மில்லிசெக்கன் இடைவெளியில் வரும் பல துடிப்புகளின் வரிசை. காரணம் அதன் தலை. தலையின் பெரும்பகுதி எண்ணெய் நிறைந்த ஒரு நீண்ட உறுப்பு. அதன் முன்முனையில் ஒரு வளிப்பை, பின்முனையில் மண்டையோட்டையொட்டி இன்னொரு வளிப்பை. எண்ணெயில் செல்லும் ஒலி வளியைச் சந்திக்குமிடத்தில் பெருமளவு தெறித்துத் திரும்பும். ஆகவே முன்முனையில் பிறக்கும் ஒலியின் ஒரு பகுதி இரு பைகளுக்குமிடையே போய்வருகிறது, ஒவ்வொரு முறையும் சிறிதளவு வெளியே கசிகிறது. இரு துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரம் என்பது எண்ணெய் உறுப்பில் ஒலி ஒருமுறை போய்வர எடுத்த நேரமே. மலையும் கைதட்டலும் இங்கே ஒரே தலைக்குள் இருக்கின்றன! இவ்விளக்கத்தை நொரிஸ், ஹார்வி ஆகியோர் 1972 இல் முன்வைத்தனர்.

கணக்கைச் செய்வோம். இடைவெளி 5 மில்லிசெக்கன் என்க. அவ்வெண்ணெயில் ஒலியின் கதியை அண்ணளவாகச் செக்கனுக்கு 1400 மீற்றர் எனக் கொள்வோம்.

போய்வந்த தூரம் = 1400 × 0.005 = 7 மீற்றர்
உறுப்பின் நீளம் = 7 ÷ 2 = 3.5 மீற்றர்

(மில்லிசெக்கனைச் செக்கனாக்க மறந்தால் 3500 மீற்றர் வரும். சுவாமி மலையின் உயரத்தைப் பல மடங்கு தாண்டிய தலை! விடையை எழுதுமுன் ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.)

பௌதிகம் நம்மை இதுவரைதான் கொண்டுவரும். உறுப்பின் நீளம் தெரிந்தாலும் முழு உடலின் நீளம் தெரியாது. இங்குதான் கணித மாதிரி தேவைப்படுகிறது. உடல் நீளம் வேறு வழியில் அளக்கப்பட்ட திமிங்கிலங்களின் ஒலி இடைவெளியையும் அளந்து, இரண்டையும் வரைபில் குறித்து, புள்ளிகளுக்கு மிகப் பொருந்தும் கோட்டைக் காணவேண்டும். கோர்டன் 1991 இல் வெளியிட்ட சமன்பாட்டில் ஒரு மிகச் சிறிய வர்க்க உறுப்பும் உண்டு. 5 மில்லிசெக்கனுக்கு அதன் பங்கு இரண்டரை சென்ரிமீற்றர்தான் என்பதால் அதை விட்டுவிடுவோம்.

உடல் நீளம் (மீற்றர்) = 1.453 × இடைவெளி (மில்லிசெக்கன்) + 4.833

இடைவெளி 5 எனின், நீளம் 7.265 + 4.833, அதாவது ஏறத்தாழ 12.1 மீற்றர்.

'வேறு வழி' எது? படகின் பாய்மரத்து உச்சியிலிருந்து நிழற்படம் எடுப்பதுதான். கமெரா நீர்மட்டத்திலிருந்து 12 மீற்றர் உயரத்தில் இருக்க, திமிங்கிலத்தின் இறக்கக் கோணத்தின் தான்சன் 0.12 ஆயின், தூரம் 12 ÷ 0.12 = 100 மீற்றர். வில்லையின் குவியத் தூரம் 50 மில்லிமீற்றர், படச்சுருளில் விம்பம் 6 மில்லிமீற்றர் எனின், இயல்பொத்த முக்கோணிகளால் நீளம் 100 × 6 ÷ 50 = 12 மீற்றர். (இவை நான் இட்ட எண்கள், முறை உண்மையானது.) "இயல்பொத்த முக்கோணியால் என்ன பயன், சேர்?" என்று கேட்பவர்கள் இந்தப் பந்தியை இரண்டு முறை வாசிக்கவும்.

இப்போது பலர் கவனிக்காமல் விடும் இடம். படித்திறன் 1.453, வெட்டுத்துண்டு 4.833. உயிரியல் இவ்விரண்டு எண்களுக்குள்தான் இருக்கிறது. இடைவெளி 1 மில்லிசெக்கனால் கூடினால் எண்ணெய் உறுப்பு 0.7 மீற்றரால் கூடும், உடல் 1.45 மீற்றரால் கூடும். அதாவது கூடிய நீளத்தில் ஏறத்தாழப் பாதி தலைக்கே போகிறது. ஆனால் நமது 12.1 மீற்றர் விலங்கில் அவ்வுறுப்பு உடலின் 29 சதவீதம் மட்டுமே. உடலைவிடத் தலை வேகமாக வளர்கிறது என்பதே இதன் பொருள். கோடு உற்பத்தியினூடாகச் சென்றிருந்தால் எல்லாத் திமிங்கிலத்திலும் ஒரே விகிதம் இருந்திருக்கும். கலைப்பிரிவில் படித்த எனக்கு வெட்டுத்துண்டின் அருமை விளங்கியது இந்த உதாரணத்தில்தான்.

அப்படியானால் இடைவெளி பூச்சியமாகும்போது 4.833 மீற்றர் நீளமான, தலையில்லாத திமிங்கிலம் உண்டா? இல்லை. அளந்த புள்ளிகள் இருக்கும் வீச்சுக்குள் மட்டுமே கோட்டை நம்பலாம். மேல்முனையிலும் அப்படித்தான். நியூசிலாந்தின் கைகூராக் கடலில் பெரிய ஆண் திமிங்கிலங்களை ஆராய்ந்தவர்கள் 2004 இல் அவற்றுக்கென வேறொரு சமன்பாட்டை வெளியிட்டனர்.

இந்த அளவீடு எதற்கு? வளர்ந்த பெண் சுமார் 11 மீற்றர், வளர்ந்த ஆண் சுமார் 16 மீற்றர். பெண் திமிங்கிலம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு குட்டியே ஈனும். எனவே ஒரு கூட்டத்தில் இளையவை எத்தனை என்பது அக்கூட்டம் பெருகுமா, தேயுமா என்பதற்கு முக்கியமான தடயம். இன்று திமிங்கிலம் பார்க்கவென நமது கரையிலிருந்தும் படகுகள் போகின்றன. துரத்திச் செல்லும் படகுக்கு முதுகுதான் தெரியும். இயந்திரத்தை நிறுத்தி, ஒலிவாங்கியை இறக்கிக் காத்திருக்கும் படகுக்கோ விலங்கைக் கலைக்காமலே அதன் நீளம் கிடைக்கிறது.

பயிற்சி: ஒரு திமிங்கிலத்தின் துடிப்பு இடைவெளி 3.2 மில்லிசெக்கன். (அ) எண்ணெய் உறுப்பின் நீளம், (ஆ) உடல் நீளம், (இ) முன்னையது பின்னையதன் எத்தனை சதவீதம் எனக் காண்க. (ஈ) இது வளர்ந்த பெண்ணா, இளம் ஆணா?

விடை: (அ) 2.24 மீற்றர். (ஆ) 9.48 மீற்றர். (இ) ஏறத்தாழ 24. (ஈ) இச்சமன்பாட்டால் மட்டும் கூற முடியாது. அப்படியே எழுதுங்கள்.