இருபதாம் தேதிப் பரோட்டா

கீழமாசி வீதி மளிகைக்கடை அண்ணாச்சி ஒருவர் மாதாமாதம் பில்களை மஞ்சப்பையில் கொண்டுவந்து என் மேசையில் கொட்டுவார். வத்தல் நெடி தூக்கும். நாலு பில்லைப் புரட்டுவதற்குள் தும்மல் வந்துவிடும். அவர் வருகிற தேதி 18. தாமதத்துக்குப் பரிகாரமாகச் சூடான அல்வாப் பொட்டலம் ஒன்றும் கூட வரும்.

ஜிஎஸ்டி 3பி தாக்கலுக்கு 20 கடைசி. தவறினால் நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், வரிப் பாக்கிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. பணம் அண்ணாச்சியுடையது, பேச்சு வாங்குவது நான். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததிலிருந்து என்னைப் போல் கணக்கு எழுதிப் பிழைப்பவர்களுக்கு மாதத்தில் இரண்டு அமாவாசை. ஒன்று விற்பனை விவரம் தாக்கல் செய்யும் 11-ல், இன்னொன்று இந்த 20-ல்.

அந்த இருபதாம் தேதி ராத்திரிகளில் பதினோரு மணிக்கு ஆபீஸைப் பூட்டிவிட்டு நேராகப் பரோட்டாக் கடைக்குத்தான் போவேன். கல்லிலிருந்து எடுத்த பரோட்டாக்களை அடுக்கி மாஸ்டர் இரண்டு கையாலும் பக்கவாட்டில் தட்டுவார் பாருங்கள், அந்தச் சத்தம் கேட்டதுமே தோள்பட்டை இறங்கிவிடும். இலையில் பிய்த்துப் போட்டு, மேலே சால்னாவைக் கவிழ்த்து, ஊறட்டும் என்று அரை நிமிஷம் பார்த்துக்கொண்டிருப்பேன். நாலு பரோட்டா, ஒரு ஆம்லெட். மனசு இன்னும் அடங்கவில்லை என்றால் ஒரு கறி தோசை. நம் மதுரை தூங்கா நகரம். கவலை எத்தனை மணிக்கு வந்தாலும் அதற்குச் சோறு போட இங்கே ஒரு கல் சூடாக இருக்கும்.

44 வயதில் ரத்தப் பரிசோதனைக் காகிதம் கைக்கு வந்தது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைச் சொல்லும் ஹெச்பிஏ1சி 6.2. 5.7-க்குக் கீழே இருக்க வேண்டியது, 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை நோய். ரத்த அழுத்தம் 146-க்கு 94. “சர்க்கரையில இன்னும் உள்ளே வரலை, வாசல்ல நிக்கிறீங்க” என்றார் டாக்டர். அந்த வாசலில் கூட்டத்துக்குக் குறைவில்லை. 2023-ல் வெளிவந்த ஐசிஎம்ஆர் ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல், அதற்கு முந்தைய நிலையில் நிற்பவர்கள் 13 கோடிக்கு மேல். எனக்கு எண்கள் பழக்கம், அதனால் இது பெரிதாக உறைக்கவில்லை. அப்பா ஞாபகம் வந்ததுதான் உறைத்தது. சர்க்கரை அவர் விழித்திரையைத் தொட்ட பிறகு, அண்ணா நகர் அரவிந்த் மருத்துவமனைக்கு மாதாமாதம் கைபிடித்துக் கூட்டிப்போனவன் நான்.

அடுத்து எல்லோரும் செய்வதைச் செய்தேன். நண்பர் ஒருவர் சொல்லி பேலியோவில் இறங்கினேன். காலையில் நூறு பாதாம், மதியம் பனீர், ராத்திரி முட்டை. எட்டு வாரத்தில் ஆறு கிலோ இறங்கியது, பொய் சொல்லக்கூடாது. அந்த மாதம் 20-ம் தேதி ஜிஎஸ்டி போர்ட்டல் சுற்றிக்கொண்டே நின்றது, ஒரு வியாபாரிக்கு ஓடிபி வரவில்லை. பத்தரை மணிக்கு நான் எங்கே இருந்தேன் என்று சொல்ல வேண்டியதில்லை. அடுத்து சிறுதானியம். பேரையூர் பக்கத்துக் குதிரைவாலி வாங்கிப் பொங்கல் வைத்து, ‘நல்லதுதானே’ என்று இரண்டு தட்டு சாப்பிட்டேன். வீட்டு மிஷினில் குத்திப் பார்த்தால் சர்க்கரை ஜம்மென்று ஏறியிருந்தது. நார்ச்சத்து கூடுதல்தான், ஆனாலும் அதுவும் மாவுச்சத்து. அளவு மீறினால் பெயர் பார்த்து விட்டுவிடாது.

1921 செப்டம்பரில் காந்தி மேலமாசி வீதி வீட்டில் தங்கியிருந்தபோதுதான் மேல்சட்டையை விட்டு அரையாடைக்கு மாறினார். அதே ஊரில் எனக்கு ஆம்லெட்டைக் கூட விட முடியவில்லை.

கடைசியில் கைகொடுத்தது எனக்குத் தெரிந்த ஒரே வேலை. ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்கி, மூன்று மாதம் தின்றதை எல்லாம் பற்று எழுதினேன். என்ன தின்றேன், எத்தனை மணிக்கு, அதற்கு முன்னால் என்ன நடந்தது. மூன்று பத்திதான். கூட்டிப் பார்த்தபோது, ராத்திரிப் பரோட்டா மொத்தம் 14. அதில் 11 விழுந்தது 9-ம் தேதிக்கும் 20-ம் தேதிக்கும் நடுவில். 21-க்கு மேல் நான் வீட்டுத் தோசையில் திருப்தியான மனிதன்! நான் மாற்ற வேண்டியது சாப்பாட்டு அட்டவணையை இல்லை, ஆபீஸ் காலண்டரை என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

இன்னொன்றும் தெரிந்தது. பரோட்டா நாட்களில் மதியச் சாப்பாடு மூன்றரைக்குப் போயிருந்தது; ஆறு காபி உள்ளே போயிருந்தது, ஆறிலும் சர்க்கரை. நெருக்கடி வந்தால் உடம்பு கார்ட்டிசாலைச் சுரந்து, கல்லீரலில் இருக்கும் சர்க்கரையை ரத்தத்தில் இறக்கிவிடுமாம், ஓடவோ சண்டை போடவோ தெம்பு வேண்டும் என்று. நானோ நாற்காலியில் உட்கார்ந்து ஓடிபிக்குக் காத்திருந்தேன். போதாததற்குச் சாயங்காலக் காபி ராத்திரி ஒரு மணிவரை கண்ணை மூடவிடாது. தூக்கம் கெட்ட மறுநாள் பசி இரட்டிப்பு.

முதல் வேலையாக அண்ணாச்சிகளுக்கெல்லாம் போன் போட்டு, “பில் 5-ம் தேதிக்குள்ள வரணும், அதுக்கு மேல வந்தா வரிசையில கடைசிதான்” என்றேன். கோபித்துக்கொண்டு ஒருவர் வேறு ஆளிடம் போனார். பாதிப் பேர் சொன்னபடி கேட்டார்கள். அந்தப் பாதியே என் ரத்த அழுத்தத்தில் எட்டுப் புள்ளி என்பது என் கணக்கு. டாக்டர் இதை ஒப்புக்கொள்ளமாட்டார். உப்பைக் குறைத்ததால்தான் என்பார். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஊறுகாய், அப்பளம், சால்னா மூன்றையும் ஒரே நாளில் தொட்டால் அது என்ன ஆகும் என்று நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்தது சாயங்காலம் ஆறரை மணி டப்பா. தட்டப்பயறு சுண்டல், சில நாள் அவித்த கடலை. இதில் விசேஷம் ஒன்றுமில்லை. ஆனால் ஆறரைக்கு வயிற்றில் பயறு இருந்தால் பத்தரைக்குக் கால் தானாக வீட்டுப் பக்கம் திரும்புகிறது. கடைசிக் காபி நாலு மணிக்கு. முன்பு காபி குடித்த நேரத்தில் இப்போது மாடிப்படி இறங்கி, தெருமுனை வரை போய், மூச்சை மெதுவாக விட்டு விட்டுத் திரும்புகிறேன். இழுப்பதைவிட விடுவது நீளமாக இருந்தால் படபடப்பு அடங்குகிறது. பத்து நிமிஷத்தில் போர்ட்டலும் சில சமயம் திறந்துவிடும்.

வீட்டில் அரிசியை நிறுத்தவில்லை. மூன்று கரண்டிச் சோறு ஒன்றரை ஆனது, மிச்ச இடத்தில் கூட்டும் பொரியலும் வந்தன. ஞாயிறு காலை அண்ணா நகர் உழவர் சந்தைக்குப் போகிறேன். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை அது, 1999 நவம்பர் 14-ல் திறந்தது. சீக்கிரம் போனால் பனி ஈரத்தோடு அரைக்கீரையும் பிஞ்சுச் சுரைக்காயும் கிடைக்கும். “என்னங்க, சோத்தைக் குறைச்ச மாதிரி சோத்தைப் பத்திப் பேசுறதையும் கொஞ்சம் குறைங்க” என்று வீட்டில் சொல்லியாகிவிட்டது. நியாயம்தான். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மட்டும் என்னைப் பார்த்துச் சோற்றைக் குறைத்துவிட வேண்டாம். மருந்தளவை மாற்றாமல் உணவைக் குறைத்தால் சர்க்கரை தடாலென்று இறங்கிவிடும். டாக்டரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

நடப்பது வண்டியூர் தெப்பக்குளத்தில். திருமலை நாயக்கர் வெட்டியது. ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்கு மேல் வரும், மூன்று சுற்றுப் போதும். சாயங்காலம் போனால் தண்ணீர்க் காற்று ஒரு பக்கம், பஜ்ஜி வாசனை ஒரு பக்கம். அதனால் காலையிலேயே போய்விடுகிறேன்.

பரோட்டாவை விடவில்லை. மாதம் ஒரு ஞாயிறு மதியம், வீட்டோடு போய் உட்கார்ந்து, இரண்டு. இருபதாம் தேதி ராத்திரி வேகத்தில் தின்ற எந்தப் பரோட்டாவிலும் சால்னாவில் பட்டை இருந்ததா, சோம்பு இருந்ததா என்று எனக்குத் தெரிந்ததில்லை. இப்போது தெரிகிறது. ஒன்பது மாதம் கழித்து எடுத்த ஹெச்பிஏ1சி 5.8. இன்னும் வாசலில்தான், ஒரு படி இறங்கி நிற்கிறேன்.

மஞ்சப்பை அண்ணாச்சி மட்டும் மாறவில்லை. போன மாதமும் 18-ம் தேதிதான் வந்தார். மேசையில் பில்களைக் கொட்டிவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து ஓரமாக வைத்தார். பிரித்தேன். வறுத்த கடலை.

“உங்களுக்குத்தான் அல்வா ஆகாதாமே தம்பி” என்றார்.

வரிசையில் அவர் பையை மூன்றாவதாக நகர்த்தி வைத்தேன்.