கேரம் ஆடவா கனடா?

அன்புள்ள மீனாவுக்கு,

ஒண்டாரியோவில் ரிக்ரியேஷன் தெரபி டிப்ளமோ சேரலாமா என்று கேட்டிருந்தாய். "வயசானவங்களோட கேரம் ஆடவா இத்தனை லட்சம்?" என்று வீட்டில் கேட்கிறார்களாம். கேலிதான், ஆனால் கேட்க வேண்டிய கேள்வி. பக்கவாதம் வந்த ஒருவர் கேரம் ஆடுவது பொழுதுபோக்கு. அவர் கை எவ்வளவு நீள்கிறது, கவனம் எத்தனை நிமிடம் நிற்கிறது, நோய்க்கு முன் எதை விரும்பினார் என்று மதிப்பிட்டு, இலக்கு வைத்து, அதற்கேற்ற ஆட்டத்தைத் தேர்ந்து நடத்தி, பலன் இருந்ததா என்று கோப்பில் எழுதினால் அது சிகிச்சை. ஆட்டத்தைவிட அந்தக் கோப்புதான் இந்தத் தொழில் என்பது என் எண்ணம். எழுத்துவேலை பிடிக்காதவர்கள் இதில் சலித்துவிடுவார்கள்.

இதற்கு ஆதாரம் உண்டா என்றால், ஓரளவு உண்டு. மறதிநோய்க்கான, மாற்றக்கூடிய 12 ஆபத்துக் காரணிகளை 2020இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் பட்டியலிட்டபோது, சமூகத் தொடர்பின்மை, உடலியக்கக் குறைவு, மனச்சோர்வு மூன்றும் அதில் இருந்தன. தனிமைக்கு மாத்திரை கிடையாது. அதற்காகப் பாட்டுப் பாடினால் மறதி குணமாகும் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதே. ஆபத்தைக் குறைப்பது வேறு, வந்த நோயைத் தீர்ப்பது வேறு. பலனை அளந்து எழுதும் பழக்கம் இங்கே இவ்வளவு முக்கியமாவதும் இதனால்தான்.

உன் அப்பாவின் ஆட்சேபம் இன்னும் கனமானது: லைசென்ஸ் இல்லாத தொழில். உண்மைதான். பிசியோதெரபிக்கும் ஆக்குபேஷனல் தெரபிக்கும் ஒண்டாரியோவில் சட்டப்படி ஒழுங்குமுறை அமைப்புகள் உண்டு, இதற்கு இல்லை. 'தெரபியூட்டிக் ரிக்ரியேஷன் ஒண்டாரியோ' என்பது தொழில்சார் சங்கம் மட்டுமே. இத்துறைக்கான அமெரிக்காவின் சி.டி.ஆர்.எஸ். என்ற சான்றுக்கோ பட்டப்படிப்பு வேண்டும். ஆகவே டிப்ளமோவை முடிவாகக் கொள்ளாதே. புரோக், வாட்டர்லூ பல்கலைக்கழகங்களில் இத்துறையில் பட்டம் உண்டு. உன் டிப்ளமோ பாடங்களில் எவ்வளவை அங்கே ஏற்பார்கள் என்று சேரும் முன்பே எழுத்தில் கேள்.

விசாவை நம்பி இதில் இறங்காதே என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2024 நவம்பர் 1 முதல் ஸ்டடி பர்மிட்டுக்கு விண்ணப்பிப்பவர்கள், கல்லூரி டிப்ளமோவுக்குப் பிறகு ஒர்க் பர்மிட் பெற வேண்டுமானால், படிக்கும் துறை அரசின் பட்டியலில் இருக்க வேண்டும். பட்டியலை மாற்றவும் செய்கிறார்கள். ஏஜென்ட் சொல்வதைக் கேட்டுக்கொள், ஆனால் பாடத்தின் குறியீட்டு எண்ணை வாங்கி அரசுத் தளத்தில் நீயே பார். கட்டணமும் பயணமும் போக, வாழ்க்கைச் செலவுக்கு 22,895 கனடிய டாலர் காட்ட வேண்டும். வகுப்பு நடக்கும் காலத்தில் வெளிவேலை வாரம் 24 மணி நேரம்தான். அதை வைத்துக் கட்டணம் கட்டிவிடலாம் என்ற கணக்கு வேண்டாம்.

இவ்வளவுக்குப் பிறகும் உன் பக்கம் ஒரு பலம் இருக்கிறது. ஒண்டாரியோவின் ஸ்கார்பரோவில் முதுமை எய்தும் தமிழர்கள் ஏராளம். மறதிநோய் முற்றும்போது பிற்காலத்தில் கற்ற ஆங்கிலம் முதலில் நழுவி, தாய்மொழியே மிஞ்சுவது பலரிடம் காணப்படுவது. அவர்களை மதிப்பிடத் தமிழ் தெரிந்தவர் வேண்டும், ஆனால் குறிப்பை ஆங்கிலத்தில்தான் எழுதியாக வேண்டும். தமிழ் பேசுவதை மட்டுமே தகுதியாகக் காட்டினால் உன்னை மொழிபெயர்ப்பாளராக்கி உட்கார வைத்துவிடுவார்கள்.

நீ பார்த்துவைத்திருக்கும் கல்லூரிகளின் பாடத்திட்டங்களை அனுப்பு. நேரடிப் பயிற்சிக்கு எத்தனை மணி நேரம், அது மருத்துவமனையிலா முதியோர் இல்லத்திலா என்பதை முதலில் பார்ப்போம்.

அன்புடன்,
மாமா