செகண்ட் ஹேண்டில் ஆட்டோமேட்டிக் வாங்கலாமா?

கேள்வி: எட்டு வருடம் ஓடிய ஆட்டோமேட்டிக் கார் ஒன்று விலைக்கு வருகிறது. கியர்பாக்ஸ் நன்றாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: எந்த வகை ஆட்டோமேட்டிக் என்று முதலில் கேளுங்கள். 2014-ல் மாருதி செலேரியோவோடு இங்கே வந்த ஏஎம்டி என்றால், உள்ளே இருப்பது மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்ச் தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம்.

டார்க் கன்வர்ட்டர் என்றால் காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போதே போய்விடுங்கள். விற்பவர் முன்கூட்டியே வண்டியை ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் கொஞ்சம் சந்தேகப்படலாம், தப்பில்லை. பிரேக்கை மிதித்தபடி ‘என்’-லிருந்து ‘டி’-க்கும், பிறகு ‘ஆர்’-க்கும் மாற்றுங்கள். ஓரிரு நொடிக்குள் மெதுவாகப் பிடிக்க வேண்டும். தாமதித்து, ‘டக்’கென்று இடித்தால் கியர்பாக்ஸ் ஆயில் குறைந்திருக்கலாம், அதன் வால்வ் பாடியிலும் கோளாறு இருக்கலாம். மேடேறும்போது ஆர்பிஎம் எகிறி, வேகம் மட்டும் ஏறவில்லையா? உள்ளே கிளட்ச் வழுக்குகிறது. பேரம் பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள்.

கியர்பாக்ஸுக்கு டிப்ஸ்டிக் இருந்தால் அதன் ஆயிலை வெள்ளைத் துணியில் தொட்டுப் பாருங்கள். பெரும்பாலும் சிவப்பாக இருக்கும். கறுத்து, தீய்ந்த வாடை அடித்தால் ஆபத்து. ‘ஆயுளுக்கும் ஆயில் மாற்ற வேண்டாம்’ என்ற பேச்சை நான் நம்புவதில்லை. நம் வெயிலுக்கும் நெரிசலுக்கும் 60,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. சிவிடி என்ற இன்னொரு வகை ஆட்டோமேட்டிக் என்றால், அதற்கென்று சொன்ன ஆயிலை மட்டுமே ஊற்ற வேண்டும்.